கடன் மனிதரைக் கட்டுமா?

கொத்தடிமை முறையின் ஆணிவேர் முன்பணம். மருத்துவச் செலவு, திருமணம், இறப்பு, மழைக்காலப் பட்டினி என ஏதோ ஒரு நெருக்கடியில் ஒரு குடும்பம் சில ஆயிரங்களை அட்வான்ஸாக வாங்குகிறது. மேஸ்திரி வந்து அந்தக் குடும்பத்தைச் செங்கல் சூளைக்கோ அரிசி ஆலைக்கோ மரம் வெட்டும் தோப்புக்கோ அழைத்துச் செல்கிறார். திருவள்ளூர், காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, விழுப்புரம் மாவட்டங்களில் இப்படிச் சிக்கி மீட்கப்பட்டவர்களில் பலர் இருளர் பழங்குடியினர். பூட்டும் வேலியும் இல்லாத இடத்திலும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதற்கு அச்சம் ஒரு காரணம். வாங்கிய பணத்தை அடைக்காமல் போவது பாவம் என்ற எண்ணம் இன்னொரு காரணம். பணம் வாங்கியிருக்கிறார்கள், உழைத்துக் கழிக்கிறார்கள், நமக்கென்ன என்று அக்கம்பக்கத்தாரும் இருந்துவிடுகிறார்கள். ஆகவே கொத்தடிமை வேலைக்காக நடக்கும் ஆள் கடத்தலை அடையாளம் காண்பதற்கு முன்பே தீர்க்க வேண்டிய அறக்கேள்வி ஒன்று இருக்கிறது: கடன் மனிதரைக் கட்டுமா?

கட்டும் என்று சொல்ல மரபிலிருந்து முதலில் எடுத்துக்காட்டப்படுவது அரிச்சந்திரன் கதை. விசுவாமித்திரருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவன் மனைவியையும் மகனையும் விற்று, தன்னையும் விற்று, சுடுகாடு காத்தான். தெருக்கூத்தில் விடிய விடிய இந்தக் கதையைப் பார்த்தவர்களுக்கு வாக்கு எவ்வளவு பெரியது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வாக்குக் கொடுத்தவன் அரசன். அவனோடு சேர்த்து விலைபோனவர்கள் எந்த வாக்கும் கொடுக்காத சந்திரமதியும் சிறுவனும். சூளையிலும் இதுவே நடக்கிறது. கைநாட்டு தகப்பனுடையது, கல் அறுப்பதும் அடுக்குவதும் மனைவியும் மக்களும். திருக்குறளின் வாய்மை அதிகாரம் வேறோர் அளவுகோலைத் தருகிறது. யாருக்கும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்று அது தொடங்குகிறது. ஒரு குழந்தையின் பள்ளியையும் உடலையும் பறிக்கும் ஒப்பந்தம் அந்த அளவுகோலில் நிற்காது. அதிலிருந்து வெளியேறுவது வாக்குத் தவறுவதாகாது.

பரம்பரை அடிமைத்தனத்தைப் பற்றிய கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. சுந்தரரின் திருமண நாளில் முதியவர் ஒருவர் ஓலையோடு வந்து, இவர் பாட்டனே தன் வழியினர் எனக்கு அடிமை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்கிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலையைப் பார்த்த சான்றோர் முதியவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார்கள். வந்தவர் சிவபெருமான். பக்தி மரபில் மனிதர்மேல் இத்தகைய ஆளோலையை நீட்டும் உரிமை இறைவனுக்கு மட்டுமே உண்டு. இறைவனுக்கு ஆளானவர் பல்லவ மன்னனுக்குக்கூட அடிபணிய வேண்டியதில்லை என்று நின்றவர் திருநாவுக்கரசர்.

சமய நிறுவனங்கள் எப்போதும் இந்த உயரத்தில் நின்றதில்லை. 1201-ஆம் ஆண்டு பஞ்சத்தில் வேளாளர் ஒருவர் தம் இரு பெண் மக்களோடு 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்குத் தம்மை விற்றுக்கொண்டதைக் கல்வெட்டு சொல்கிறது. அவர் சம்மதித்துத்தான் விற்றார். பசி வாங்கிய சம்மதம் அது. அதைச் சம்மதமாகக் கொள்ளக்கூடாது. மனிதரை அடிமைநிலையிலிருந்து காக்கும் குரல் மற்றச் சமயங்களிலும் ஒலிக்கிறது. மனிதரை விற்பதைப் புத்தர் செய்யத்தகாத ஐந்து வணிகங்களில் ஒன்றாக வைத்தார். தப்பி வந்த அடிமையை எசமானிடம் திருப்பி ஒப்படைக்காதே என்கிறது விவிலியத்தின் உபாகமம். அடிமைகளை விடுவிப்பதற்கும் ஜகாத்தில் பங்கு ஒதுக்குகிறது குர்ஆன்.

கடன் மனிதரைக் கட்டாது என்ற முடிவுக்கே இந்தியச் சட்டமும் வந்திருக்கிறது. அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. வறுமையின் நெருக்குதலால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைப்பதும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே ரத்து செய்கிறது. ரத்தான கடனுக்காகப் பணம் பெற்றுக்கொள்வதும் குற்றம். பாட்டன் வாங்கிய கடனுக்குப் பேரன் உழைப்பதும் இந்தச் சட்டத்துக்குள் வரும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவின்படி ஆள் கடத்தல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் கொள்ளப்படாது.

கொத்தடிமை முறையை அடையாளம் காண நான்கு கேள்விகள் உதவும். முன்பணத்துக்கு ஈடாகக் கூலியில்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ வேலை செய்கிறார்களா? வேறு வேலைக்குப் போக முடியுமா? நினைத்த இடத்துக்குப் போய்வர முடியுமா? தங்கள் விளைச்சலையோ பொருளையோ சந்தை விலைக்கு விற்க முடியுமா? முன்பணத்துக்கு ஈடாகக் கூலியோ இந்த உரிமைகளில் ஒன்றோ பறிபோயிருந்தாலே அது கொத்தடிமை முறை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சில குறிகள் தெரியும். வாரச் சந்தைக்குக் குடும்பத்தில் ஒருவர் மட்டுமே வருவார். மற்றவர்கள் பிணைபோலச் சூளையிலேயே இருப்பார்கள். சாவு வீட்டுக்குக்கூட முழுக் குடும்பமும் போகாது. பள்ளி நாளில் பிள்ளைகள் களத்தில் நிற்பார்கள். கணக்கு நோட்டு மேஸ்திரியிடமே இருக்கும். மீதி எவ்வளவு என்று உழைப்பவருக்குத் தெரியாது.

இந்தக் குறிகளைக் கண்டு அதிகாரிகளிடம் சொல்வது புறங்கூறுவதாகாதா என்று தயங்குவோர் உண்டு. புறங்கூறுவது ஒருவரைப் பற்றி ஊரில் பேசித் திரிவது. கண்டதை மட்டும் உரிய அதிகாரியிடம் சொல்வது சாட்சி. குற்றமா இல்லையா என்று தீர்மானிப்பது விசாரிப்பவரின் வேலை. தவறாகக் கணித்துவிட்டோமோ என்று அஞ்சி மௌனமாக இருந்தால், விசாரணையே நடக்காமல் போகும்.

சொல்லும் முறையில் எச்சரிக்கை வேண்டும். இடம், அதன் அடையாளம், குடும்பங்களின் எண்ணிக்கை, குழந்தைகளின் எண்ணிக்கை, வண்டி எண் ஆகியவற்றைக் கண்ட அளவில் குறித்துக்கொள்வது போதும். முதலாளியிடமோ மேஸ்திரியிடமோ நேரில் கேட்பது, படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புவது, தனியாளாக மீட்கப் போவது ஆகிய மூன்றும் ஆபத்து. செய்தி கசிந்தால் குடும்பங்களை இரவோடு இரவாக வேறிடத்துக்கு மாற்றிவிடுவார்கள். மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ புகார் தரலாம். உள்ளூரில் பேச அஞ்சுவோர் நேரே ஆட்சியர் அலுவலகத்துக்கே போகலாம். அவசரத்துக்கு 112, குழந்தைகள் இருந்தால் 1098, சட்ட உதவிக்கு 15100. தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. மீட்கப்பட்டவர்களுக்கு விடுதலைச் சான்று கிடைத்ததா என்று பார்ப்பதும் ஊராரின் பொறுப்பு. கடன் ஒழிந்தது என்பதற்கு அவர்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்தச் சான்றுதான். மறுவாழ்வுத் தொகைக்கும் அது தேவை.

வாங்கிய பணத்துக்கு மனிதர் பொறுப்பாகலாம், பொருளாக முடியாது. அப்படிப் பொருளாக்கப்பட்டவர்களை அருகில் கண்டவர் உரிய இடத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இருப்பதே பாவம்.