லாகீசைப் பற்றி ஓர் ஆட்சேபம்

பெரும்படைக்கு எதிரே தனித்து நிற்கும் சிறு கூட்டம் கடவுளை நம்பினால் பிழைக்கும் என்று எபிரேய வேதம் பல இடங்களிற் சொல்லுகிறது. நம்பியும் பிழையாதவர்களுக்கு அது என்ன சொல்லுகிறது என்ற சந்தேகம் என்னை நெடுங்காலம் வருத்தியதுண்டு. அதனைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டே இதை எழுதுகிறேன். உரையாடல் நிகழும் இடம் குஜிலியம்பாறை: கரூருக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே, மானம் பார்த்த சோளக்கொல்லைகளும் நிலக்கடலைக் காடுகளும் அவற்றினூடே பாறையைப் பிளந்து இறக்கிய கிணறுகளுமாகக் கிடக்கும் பூமி. குரு அங்கே உபதேசியாராக இருந்து மூத்தவர். சீடனுக்குப் பெயர் வேண்டியதில்லை. அவன் கேட்பவை நான் கேட்டவை.

சீடன்: ஐயா, எத்தியோப்பியனாகிய சேரா பத்து இலட்சம் பேரோடு வந்தபோது ஆசா அரசன் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டு வென்றான். யோசபாத் பாடகரைப் படைக்கு முன்னே நிறுத்தி வென்றான். கிதியோன் 32,000 பேரை 300 பேராகக் குறைத்துக்கொண்டு வென்றான். ஆகையால் விசுவாசம் காரணம், ஜெயம் காரியம் என்று சித்தாந்தம் செய்துவிடலாம் அல்லவா?

குரு: அந்த மூவரையும் இப்போதைக்கு ஒதுக்கிவை, தம்பி. அவர்கள் கதையை அவர்கள் பக்கத்தார் மட்டுமே எழுதிவைத்தார்கள். எதிராளியின் ஏடு நமக்குக் கிடைக்கவில்லை. யூதேயாவின் ராஜாவாகிய எசேக்கியாவின் வழக்கு அத்தகையதன்று. கி.மு. 701-இல் அசீரிய ராஜாவாகிய சனகெரிப் யூதேயாவின்மேல் இறங்கியதை இராஜாக்களின் இரண்டாம் புத்தகமும் ஏசாயாவின் புத்தகமும் விஸ்தரிப்பதோடு, சனகெரிப் தானும் அதை ஆறு பக்கங்களுடைய சுட்ட களிமண் பட்டகம் ஒன்றில் எழுதிவைத்தான். 1830-இல் நினிவேயின் இடிபாட்டிலே அகப்பட்ட அந்தப் பட்டகம் இப்பொழுது லண்டனிலே பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மதில் சூழ்ந்த 46 நகரங்களைத் தான் பிடித்ததாகவும், 2,00,150 பேரை வெளியேற்றியதாகவும், எசேக்கியாவைக் கூண்டில் அடைபட்ட பறவையைப்போல அவன் நகரத்துக்குள்ளேயே முடக்கியதாகவும் அவன் பெருமை பேசுகிறான். எருசலேமைப் பிடித்ததாக மாத்திரம் எங்கும் பேசவில்லை. தற்புகழ்ச்சிக்கென்றே எழுதிய ஏட்டில் அந்த ஒரு வாக்கியம் இல்லாமற்போனதைக் காட்டிலும் பெரிய சாட்சியம் எனக்குத் தெரியாது.

சீடன்: அசீரியப் படையில் ஒரே இரவில் 1,85,000 பேர் மடிந்ததாக வேதம் சொல்லுகிறதே, அது எவ்வாறு? எலிகள் வந்து வில்நாண்களைக் கடித்துவிட்டன என்று எகிப்தியர் சொல்லக் கேட்டதாக ஹெரடோட்டஸ் எழுதுகிறாரே. எலி என்றால் கொள்ளைநோய் என்று பின்வந்தோர்...

குரு: அதை வைத்தியர்களுக்கு விட்டுவிடு. மேலே கேள்.

சீடன்: எசேக்கியா முதலிலே கப்பம் கட்டினான் அல்லவா? தேவாலயக் கதவுகளிலிருந்த பொன்தகட்டைக்கூட உரித்துக் கொடுத்தவனை விசுவாசி என்று எப்படிச் சொல்வது?

குரு: கட்டினான். பொன் 30 தாலந்து என்பதில் வேதமும் பட்டகமும் ஒத்துப்போகின்றன. வெள்ளியைத்தான் வேதம் 300 என்றும் சனகெரிப் 800 என்றும் சொல்லுகிறார்கள். கொடுத்த பிறகும் படை திரும்பவில்லை. எசேக்கியா நம்பத் தொடங்கியது, கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாதபோதுதான். ஆயினும் அதனால் நம்பிக்கையின் மாற்றுக் குறைந்துபோகாது. நாம் ஆராய வேண்டியது வேறொன்று, எருசலேமுக்குச் சனகெரிப் அனுப்பிய ரப்சாக்கேயின் பேச்சு.

பிரசங்கிகள் ரப்சாக்கேயைக் கேலி செய்வது எனக்குப் பிடிப்பதில்லை. அவன் சிறந்த தருக்கவாதி. மதிலுக்கு வெளியே நின்றுகொண்டு, மேலே இருந்த போர்ச்சேவகருக்கும் விளங்கும்படி அவர்கள் பாஷையிலேயே பேசினான். குதிரைகள் 2,000 தருகிறேன், ஏறுவதற்கு உங்களிடம் ஆள் உண்டா என்று கேட்டான்; ஆமாத்தின் தேவர்கள் எங்கே, அர்பாத்தின் தேவர்கள் எங்கே, சமாரியாவைத் தப்புவித்தவர் யார் என்று கேட்டான். நம்முடைய நியாய நூலார் முறையிலே வைத்துப் பார்த்தால் அவன் செய்தது ஓர் அனுமானப் பிரயோகம். எருசலேம் விழும் என்பது பிரதிக்ஞை. தன் தெய்வத்தை நம்பி எங்கள் அரசனை எதிர்க்கிற நகரமாகையால் என்பது ஏது. ஆமாத்தைப்போல, அர்பாத்தைப்போல, சமாரியாவைப்போல என்பவை திருஷ்டாந்தங்கள். அந்தத் திருஷ்டாந்தங்களுள் ஒன்றேனும் பொய்யன்று. அதனால்தான் மதிலின்மேல் இருந்தவர்கள் மறுமொழி சொல்லாதிருக்கும்படி ராஜாவின் கட்டளை இருந்தது; சொல்லத்தக்க மறுமொழி ஒன்றும் அவர்களிடம் இல்லை.

பிறகு சனகெரிப்பிடமிருந்து கடிதம் வந்தது. எசேக்கியா அதை எடுத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்துவைத்துச் செய்த ஜெபத்தைக் கவனித்துப் படி. பகைவன் சொன்ன சரித்திரத்தை அவன் மறுக்கவில்லை. அசீரிய ராஜாக்கள் அந்தத் தேசங்களைப் பாழாக்கினது மெய்தான் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளுகிறான். பாழாய்ப்போன அந்தத் தேசங்களின் தெய்வங்கள் மனுஷர் கைவேலையான மரமும் கல்லுமே என்று சொல்லி, ஏது தன் வழக்குக்குப் பொருந்தாது என்று மாத்திரம் வாதிக்கிறான். எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்ளுகிறவன் விசுவாசி அல்லன். எண்ணிக்கை முழுவதையும் ஒப்புக்கொண்டு, அதிலிருந்து எதிராளி இழுக்கும் முடிவை மாத்திரம் ஏற்க மறுக்கிறவனே விசுவாசி.

நம் ஊரில் கிணறு வெட்டுகிறவனைப் பார்த்திருக்கிறாய். மேல்மண்ணும் சரளையும் மண்வெட்டிக்கு இணங்கும். அடுத்து வரும் சுக்காம்பாறை கடப்பாரைக்கு இணங்கும். அதன்கீழ்க் கரும்பாறை தொடங்கிவிட்டால் தமர் அடித்து வெடி வைத்தாலன்றி ஒரு முழமும் இறங்காது. அந்தச் சமயம் பார்த்துக் கரைமேல் வந்து நிற்கிற பக்கத்துக் காட்டுக்காரன், கிழக்கே வெட்டிய கிணறும் வறண்டது, மேற்கே வெட்டிய கிணறும் வறண்டது, ஆகையால் உன் கிணறும் வறண்டதே என்று கணக்குச் சொல்லுவான். அவன் சொல்லும் இரண்டு கிணறுகளும் வறண்டவை என்பதை மறுக்கிறவன் மூடன். ஆனால் ஊற்றுக்கண் எங்கே இருக்கிறதென்பது குழிக்குள் நிற்கிறவனுக்குத் தெரியாதது போலவே கரைமேல் நிற்கிறவனுக்கும் தெரியாது. வெட்டுவது இவன் கையில் இருக்கிறது. ஊறுவது இவன் கையில் இல்லை.

எசேக்கியாவோ மெய்யாகவே பாறை வெட்டினவன். கீகோன் ஊற்றின் நீரை மதிலுக்கு உட்புறமாகச் சீலோவாம் குளத்துக்குக் கொண்டுவந்த சுரங்கம் ஏறக்குறைய 533 மீட்டர் நீளமுள்ளது. இரண்டு முனைகளிலிருந்தும் எதிரெதிராக வெட்டி வந்த வேலையாட்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுச் சந்தித்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டு, 1880-இல் அதன் சுவரிலே கண்டெடுக்கப்பட்டு, இஸ்தான்புல் காட்சிச்சாலையிலே இருக்கிறது. கடவுளை நம்புகிறவன் கையைக் கட்டிக்கொண்டிருப்பான் என்று சொல்லுகிறவர்களுக்கு அந்தச் சுரங்கத்தைக் காட்டினால் போதும்.

சீடன்: எல்லாம் சரி, ஐயா. ஆனால் லாகீஸ்?

குரு: கேட்பாய் என்று தெரியும். சொல்.

சீடன்: லாகீஸ் உட்பட, விழுந்த அந்த 46 நகரங்களில் இருந்தவர்களும் அதே தேவனைத்தானே கும்பிட்டார்கள்? ஒரே அரசன், ஒரே படையெடுப்பு, ஒரே பகைவன். எருசலேம் பிழைத்ததற்கு விசுவாசம் காரணமானால், லாகீசின் அழிவுக்கு அவிசுவாசம் காரணம் என்று சொல்ல வேண்டிவருமே. அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

குரு: எழவேண்டியதும் இல்லை. நினிவே அரண்மனையின் ஓர் அறையை லாகீஸ் முற்றுகையைக் காட்டும் புடைப்புச் சிற்பங்களால் சனகெரிப் நிரப்பிவைத்தான். லேயர்டு என்பவர் தோண்டியெடுத்த அவையும் லண்டனிலேதான் இருக்கின்றன. மதிலை எட்டுவதற்கு அசீரியர் கட்டிய கல்மேடும், கழுவேற்றப்பட்ட மனிதரும், சிங்காசனத்திலிருந்து பார்க்கும் ராஜாவும் அவற்றில் இருக்கிறார்கள். மாட்டுவண்டியிலே மூட்டைகளோடு ஏறிச் சிறைபோகும் பெண்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தக் கல்மேடு இன்றைக்கும் லாகீசின் மண்மேட்டருகே இருக்கிறது. இவ்வளவையும் முன்னால் வைத்துக்கொண்டுதான் சமாதானம் தேடவேண்டும்.

லாகீஸ் பாவம் செய்தது, ஆகையால் விழுந்தது என்பார்கள். மீகா தீர்க்கதரிசி லாகீசின்மேல் குற்றம் சுமத்துவது உண்மை. ஆனால் அவர் எருசலேமையும் விடவில்லை, அது மண்மேடாகும் என்றார். தவிரவும், வண்டிமேல் இருக்கும் பிள்ளை செய்த பாவம் எது? இனி, எருசலேமில் தேவாலயம் இருந்தது, தாவீதின் சிங்காசனம் இருந்தது, அவற்றினிமித்தம் அது பிழைத்தது என்பார்கள். வேதமே தாவீதினிமித்தம் என்று சொல்லுகிறபடியால் அதை எளிதிலே தள்ள முடியாது. ஆயினும் 115 ஆண்டு கழித்து, கி.மு. 586-இல், அதே தேவாலயமும் அதே சிங்காசனமும் இருக்கத்தக்கதாக, நேபுகாத்நேச்சார் அந்த நகரத்தைச் சுட்டெரித்தான் அல்லவா?

இங்கேதான் என் சந்தேகத்துக்கு மருந்து கிடைத்தது. எசேக்கியாவின் காலத்து விடுதலையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, ஆலயம் இருக்கிறது, ஆகையால் நகரம் விழாது என்பதை மந்திரம்போல உச்சரித்துக்கொண்டிருந்தது. அனனியா என்பவன் இரண்டு வருஷத்துக்குள் பாபிலோனின் நுகம் முறியும் என்று ஆலயத்திலேயே நின்று தீர்க்கதரிசனம் சொன்னான். வெளிப்பார்வைக்கு அவன் ஏசாயாவின் மெய்யான வாரிசு. நகரம் விழாது என்று எசேக்கியாவுக்கு ஏசாயா சொன்னதையே அவனும் சொன்னான். எரேமியா தீர்க்கதரிசியோ ஆலய வாசலில் நின்று, முன்பு கர்த்தரின் சந்நிதி இருந்தும் அழிந்துபோன சீலோவுக்கு நேர்ந்ததைப் பாருங்கள் என்றார். சிதேக்கியா ராஜாவிடம், பாபிலோனியருக்குச் சரணடைந்தால் பிழைப்பாய் என்றார். ரப்சாக்கே மதிலுக்கு வெளியே நின்று சொன்னதை எரேமியா மதிலுக்கு உள்ளே நின்று சொன்னதுபோலவே கேட்டவர்களுக்குத் தோன்றியிருக்கும். பிரபுக்கள் அவரைப் பிடித்து, தண்ணீரில்லாமல் சேறு மாத்திரம் இருந்த துரவுக்குள் கயிறு கட்டி இறக்கினார்கள். வறண்ட கிணற்றின் அடியில் நின்றவர் அவர். கரைமேல் நின்று ஊற்று நிச்சயம் என்று கூவினவர்கள் அனனியாவின் கூட்டத்தார். இவர்களுள் விசுவாசி யார்?

பாட்டன் காட்டிலே 40 அடியில் தண்ணீர் கண்டது என்பதற்காக, பேரன் வேறொரு காட்டில் 40 அடி வெட்டிவிட்டு, கடவுள் எனக்கு ஊற்றுக் கடன்பட்டிருக்கிறார் என்று வழக்காடினால் அதற்கு விசுவாசம் என்று பெயரில்லை. ஊற்று கிருபை, கிருபையைக் கணக்கெழுதி வசூலிக்க முடியாது. ஆகவே நீ தொடக்கத்திலே சொன்ன சித்தாந்தத்தில் பிழை எங்கே என்றால், ஜெயத்தை விசுவாசத்தின் காரியமாக வைத்ததிலே இருக்கிறது. எசேக்கியாவுக்கு நில் என்பது கட்டளை, நின்றான். சிதேக்கியாவுக்குச் சரணடை என்பது கட்டளை. அவன் நின்றான், நின்றதே அவிசுவாசமாயிற்று. நேபுகாத்நேச்சாரின் அக்கினிச் சூளைக்கு முன்னே நின்ற சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ ஆகிய மூவரும், தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொன்னதோடு நில்லாமல், விடுவியாமற்போனாலும் சிலையை வணங்கோம் என்று சேர்த்துக்கொண்டார்கள். விசுவாசத்தின் இலக்கணம் அந்தப் பின்பாதியிலே இருக்கிறது; முன்பாதியை அனனியாவும் சொல்லுவான்.

சீடன்: எசேக்கியா எகிப்தின் உதவியை நாடியதை ஏசாயா கண்டித்தாரே?

குரு: அது ராஜதந்திரத்தைப் பற்றிய கேள்வி, நம் வழக்கில் சேராது.

நம் சீமையிலேயே பார். காளையார்கோவிலில் 1772-இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் ஆங்கிலக் கும்பினியின் படையால் கொல்லப்பட்ட பின்பு, அவர் மனைவி வேலு நாச்சியார் நம்முடைய விருப்பாச்சிக்கு வந்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, திண்டுக்கல்லைக் கையில் வைத்திருந்த ஹைதர் அலியின் உதவியோடு 1780-இல் சிவகங்கையை மீட்டார். அவருக்கு அடைக்கலம் தந்த விருப்பாச்சிக் கோபால் நாயக்கரோ, அதே கும்பினியை எதிர்த்துப் பாளையக்காரரைத் திரட்டி, 1801-இல் திண்டுக்கல்லிலே தூக்கிலிடப்பட்டார். ராணியின் காரியம் பலித்தது, ஆகையால் அவர் வழக்கு நியாயமானது; நாயக்கரின் காரியம் பலிக்கவில்லை, ஆகையால் அவர் வழக்கு அநியாயமானது என்று இந்த ஜில்லாவில் எவனாவது சொல்லுவானா? முடிவைக் கொண்டு மனிதனை அளக்கும் வழக்கம் சனகெரிப்புடையது. அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு அவனை எதிர்க்கப் போகிறவன் போருக்கு முன்னமே அவன் பக்கம் சேர்ந்துவிடுகிறான்.

ஆனால் லாகீசுக்கு விடை இன்னும் சொல்லவில்லை. வேதமும் அதற்கு விடை சொல்லவில்லை என்பதே என் முடிவு. அது செய்தது வேறு. வில்லை நம்பாமல், உடன்படிக்கைக்குத் துரோகம் செய்யாமல் இருந்தும், ஆடுகளைப்போல விற்கப்பட்டோமே என்று கடவுளையே குறுக்குவிசாரணை செய்கிற முறையீடு ஒன்றை 44-ஆம் சங்கீதமாகத் தன் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டது. அது எந்தக் காலத்துத் தோல்வியைப் பற்றியது என்று பண்டிதர்கள் தர்க்கித்துக்கொள்ளட்டும். லாகீசின் வண்டியிலே போனவர்கள் பாடத்தக்க பாட்டு அதுவே. அதற்கு இரண்டு சங்கீதம் தள்ளி, 46-ஆவதாக, நகரத்தின் நடுவே தேவன் இருப்பதால் அது அசையாது என்ற பிழைத்தவர்களின் பாட்டு நிற்கிறது. தொகுத்தவர்கள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை நீக்கியிருக்கலாம், அவர்கள் நீக்கவில்லை. பிழைத்தவன் பாட்டும் பிழையாதவன் பாட்டும் ஒரே சந்நிதியில் பாடப்படவேண்டும் என்று தீர்மானித்த அந்தப் பெயர் தெரியாத மனிதர்களின் நேர்மை, எந்த வியாக்கியானத்தைக் காட்டிலும் என்னை நம்பச் செய்கிறது.

நம் சபைகளிலோ 46-ஆம் சங்கீதம் அடிக்கடி கேட்கிறது. 44-ஆம் சங்கீதம் கேட்பது அரிது. மழை பொய்த்த வருஷத்திலும், ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டும் புகை மாத்திரம் வந்த வருஷத்திலும் ஆலயத்துக்கு வந்து உட்காருகிறவர்கள் அங்கே உண்டு. இதைப் படிக்கும் போதகர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு 46-ஆம் சங்கீதத்தை வாசிக்கும்போது, அதற்கு முன்னே 44-ஆம் சங்கீதத்தையும் ஒரு வசனம் விடாமல் வாசியுங்கள்.