சூடத்தை அணைத்த கை

கொடைக்கானல் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கும் கொடை ரோடு ஸ்டேஷன் அம்மையநாயக்கனூரில் இருக்கிறது. இறங்கியதும் மேற்கே மலை தெரிகிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். 1730-களில் அங்கே நடந்த ஒரு சண்டையோடு மதுரை நாயக்கர் ஆட்சியின் கதையே கிட்டத்தட்ட முடிந்துபோனது. அந்தச் சண்டையில் சந்தா சாகிப்பின் படையிடம் பங்காரு திருமலையின் படை தோற்றது. பங்காரு சிவகங்கைச் சீமைக்குத் தப்பி ஓடினார். திருச்சிக் கோட்டைக்குள் இருந்த ராணி மீனாட்சியை நெருங்கவிடாமல் சந்தா சாகிப்பைத் தடுக்க அதன்பிறகு வெளியில் ஆளில்லை.

நிலக்கோட்டை, வத்தலக்குண்டு தாண்டினால் எங்கள் சேவுகம்பட்டி. ஆக, மீனாட்சியின் கதை எங்கள் பக்கத்துக் கதைதான். ஆனால் மங்கம்மாளைத் தெரிந்த அளவுக்கு மீனாட்சியை இங்கே யாருக்கும் தெரியாது. மங்கம்மாள் போட்ட சாலை உண்டு, மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் உண்டு, நா. பார்த்தசாரதி எழுதிய நாவல் உண்டு. மங்கம்மாளின் பேரன் விஜயரங்க சொக்கநாதனின் மனைவிதான் இந்த மீனாட்சி. தெரிந்த சிலரிடம் கேட்டாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: “சந்தா சாகிப் சத்தியம் பண்ணிக் கொடுத்தான், அந்தம்மா நம்பி ஏமாந்துபோச்சு.”

அந்த ஒரு வரியைத்தான் நான் பல காலமாக மனத்தில் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். பிள்ளையில்லாமல் கணவர் இறந்தார். மீனாட்சி ஒரு சிறுவனைத் தத்தெடுத்து ஆட்சியை ஏற்றார். தத்துக் கொடுத்த தகப்பன் பங்காரு திருமலையே பிறகு பட்டம் எனக்கு என்று எதிரே நின்றார். இந்தப் பங்காளிச் சண்டைக்கு நடுவே ஆற்காட்டு நவாபின் படை திறை வசூலிக்க வந்தது. நவாபின் மருமகன் சந்தா சாகிப் ஒரு கோடி ரூபாய்க்கு ராணியின் பக்கம் நிற்பதாகப் பேசி, குர்ஆன் மீது சத்தியம் செய்தார். துணியில் சுற்றி வைத்திருந்தது வேதம் அல்ல, வெறும் செங்கல் என்றும் ஒரு கதை உண்டு. செங்கல்லோ வேதமோ, சத்தியம் சத்தியம்தான். கொஞ்ச காலத்தில் அவரே திரும்பி வந்தார், திண்டுக்கல்லைப் பிடித்தார், அம்மையநாயக்கனூரில் பங்காருவை வென்றார், ராணியை அவருடைய அரண்மனையிலேயே சிறை வைத்தார். மீனாட்சி விஷம் குடித்து இறந்தார்.

இதில் ராணி செய்த தவறு என்ன? பங்காளி ஒரு பக்கம், பெரிய படை ஒரு பக்கம். கஜானாவில் இருந்த பணத்தைக் கொண்டு ஒரு படையைத் தன் பக்கம் திருப்பினார். அந்தக் காலத்தில் எல்லா ராஜாக்களும் செய்த வேலை அது. அந்த ஏற்பாடு பலித்திருந்தால் ராஜதந்திரம் என்று எழுதியிருப்பார்கள். பலிக்காததால் ஏமாளித்தனம் ஆகிவிட்டது.

இதே சந்தா சாகிப்பின் முடிவைப் பாருங்கள். 1752-இல் ஸ்ரீரங்கத்தில் சுற்றி வளைக்கப்பட்டபோது, தஞ்சைத் தளபதி மானோஜி உயிருக்கு உத்தரவாதம் கொடுத்தார். அதை நம்பிப் போன சந்தா சாகிப்புக்கு விலங்கு மாட்டினார்கள், பிறகு தலையை வெட்டினார்கள். கர்நாடகப் போர்களைப் பற்றி எழுதியவர்கள் இதற்கு வைத்த பெயர் மானோஜியின் துரோகம். சந்தா சாகிப் ஏமாளி என்று எவரும் எழுதி நான் படித்ததில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி வாக்கை நம்பினார்கள், ஒரே மாதிரி அழிந்தார்கள். ஆண் நம்பிக் கெட்டால் குற்றம் வாக்குக் கொடுத்தவன் மேல் போகிறது. பெண் நம்பிக் கெட்டால் அது அவள் புத்தியில் போய் உட்காருகிறது.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. இங்கிலாந்தின் முதலாம் ஹென்றிக்கு ஒரே மகன்தான் பட்டத்துக்கு இருந்தான். அவன் 1120-இல் கப்பல் கவிழ்ந்து இறந்தான். எஞ்சியவர் மகள் மெட்டில்டா. தனக்குப் பிறகு அவரை ஏற்க வேண்டும் என்று 1127-இல் பிரபுக்கள் எல்லோரையும் கூட்டிச் சத்தியம் வாங்கினார் ராஜா. சத்தியம் செய்தவர்களில் மெட்டில்டாவின் அத்தை மகன் ஸ்டீபனும் ஒருவர். 1135-இல் ராஜா கண்ணை மூடிய மூன்றே வாரத்தில் கடல் கடந்து வந்து கிரீடம் வைத்துக்கொண்டதும் அதே ஸ்டீபன்தான்.

மெட்டில்டா சும்மா இருக்கவில்லை. படை திரட்டினார். 1141-இல் லிங்கன் நகரச் சண்டையில் ஸ்டீபனையே அவருடைய படை சிறைபிடித்தது. லண்டனில் மெட்டில்டாவின் முடிசூட்டு விழாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது ஊர்க்காரர்கள் திரண்டு அவரை விரட்டிவிட்டார்கள். காரணமாக ஸ்டீபன் பக்கத்து எழுத்தாளர் சொன்னது, அவருக்குத் திமிர், கேட்க வந்தவர்களிடம் கடுமையாகப் பேசினார் என்பது. வரியைக் கூட்டியதும் பிரபுக்களிடம் கறாராக நின்றதும் அவருடைய தகப்பன் செய்ததுதான். தகப்பனிடம் அது கண்டிப்பு. ஸ்டீபனை வாக்குத் தவறியவர் என்று எழுதியவர்கள் அன்றும் இருந்தார்கள். இருந்தும் இங்கிலாந்து மன்னர்கள் பட்டியலில் ஸ்டீபன் இருக்கிறார், மெட்டில்டா பெரும்பாலும் இல்லை. 1167-இல் இறந்த அவருடைய கல்லறை வாசகம்கூட எந்த வீட்டில் பிறந்தார், யாரை மணந்தார், யாரைப் பெற்றார் என்றே அவருடைய பெருமையைக் கணக்கிட்டது. அவர் நடத்திய போருக்கு அதில் இடமில்லை.

நம்பினால் ஏமாளி. நம்பாமல் எதிர்த்து நின்றால் திமிர் பிடித்தவள். மீனாட்சியும் மெட்டில்டாவும் எதிரெதிர் வழியில் போய் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படியானால் பெண் எப்படி நடந்துகொண்டாள் என்பது இங்கே கேள்வியே இல்லை. கொடுத்த வாக்கை ஒருவன் மீறினான் என்பதிலிருந்து பேச்சைத் திருப்ப அவளிடம் ஏதாவது ஒரு குறை தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

இதை நான் முதலில் கற்றது ராஜா ராணிக் கதையில் இல்லை. என் அப்பாவின் அத்தை ஒருத்தி, சின்ன வயதிலேயே தாலியறுத்தவள், கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டோடு இருந்தாள். அவளுக்கு ஒரு காலத்தில் தோட்டமும் கிணற்றில் பங்கும் இருந்தன. 1956-இல் வந்த இந்து வாரிசுச் சட்டம் கைம்பெண்ணுக்குச் சொத்தில் முழு உரிமை கொடுத்தது. நல்ல சட்டம். ஆனால் அதுவரை யாருக்கும் தேவைப்படாத அவள் கைநாட்டுக்கு அதன் பிறகு மதிப்பு வந்துவிட்டது. “ஈடு வச்சுக் கடன் வாங்குறேன் மதினி, அறுப்பு முடிஞ்சதும் மீட்டுத் தந்துர்றேன்” என்று கொழுந்தன் வந்து நின்றான். கோயிலில் சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். அவள் பெருவிரலில் மை தடவி வைத்தது ஈட்டுப் பத்திரத்தில் இல்லை, கிரயப் பத்திரத்தில்.

அதன்பிறகு ஊரில் அவளுக்கு வந்த பெயர் ‘தோட்டத்தைத் தொலைச்சவ’. அவனுக்கு வந்த பெயர் ‘பொழைக்கத் தெரிஞ்சவன்’. கல்யாண வீட்டில் அவன் முன்வரிசையில் உட்கார்ந்து மொய் எழுதினான். புதுசாகக் கல்யாணமாகிப் போகும் பெண்களுக்கு இவள் ஒரு பாடமானாள்: “அத்தை மாதிரி எதையாவது நம்பிக் கையெழுத்துப் போட்டுறாத.” நானும் ஒரு தடவை, ஏன் பாட்டி நம்புனீங்க என்று கேட்டேன். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே அவள் சொன்னாள்:

“ஏன் நம்புனேன்னு எல்லாரும் என்னையத்தான்யா கேக்குறீங்க. ஏன்டா சூடத்தை அணைச்சேன்னு அவனை ஒருத்தராச்சும் கேட்டீங்களா?”

அவளுக்கு ராணி மீனாட்சியைத் தெரியாது. ஆனால் அம்மையநாயக்கனூர்ச் சண்டையைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும். வேலு நாச்சியார் ஜெயிக்கவில்லையா, வீரம் இருந்தால் பெண்ணும் வெல்லத்தானே செய்கிறாள் என்பார்கள். வேலு நாச்சியாரின் கதையும் எங்கள் மாவட்டத்தில்தான் திரும்பியது. 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கம்பெனிப் படையால் கொல்லப்பட்டதும், மகள் வெள்ளச்சியோடு அவர் அடைக்கலம் புகுந்தது விருப்பாச்சியில், கோபால நாயக்கரிடம். அதே ஆண்டு டிசம்பரில் பிரதானி தாண்டவராய பிள்ளை, ஐயாயிரம் குதிரையும் ஐயாயிரம் காலாளும் வேண்டும் என்று ஹைதர் அலிக்கு எழுதினார். ஏறக்குறைய எட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு, மைசூர்ப் படையும் மருது சகோதரர்களும் துணை நிற்க, 1780-இல் சிவகங்கையை மீட்டார் நாச்சியார்.

அவருடைய வீரத்தில் எள்ளளவும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த எட்டு ஆண்டு முழுக்க அவர் செய்ததும் நம்பியதுதான். அடைக்கலம் கொடுத்தவர் காட்டிக்கொடுக்கவில்லை. உதவுவதாகச் சொன்னவர், தமக்கு நவாபோடும் கம்பெனியோடும் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்ததாலும்தான் என்றாலும், உதவினார். மருதிருவர் கைவிடவில்லை. மீனாட்சிக்கும் நாச்சியாருக்கும் நடுவே உள்ள தூரத்தில் வீரம் ஒரு பங்கு என்றால், வாக்குக் காத்த மனிதர்கள் இன்னொரு பங்கு. ஜெயித்தவருக்கு 2008-இல் தபால் தலை வந்தது, நியாயம்தான். தோற்றவருக்குப் பச்சாதாபம்கூட முழுதாக வரவில்லை.

‘சரி, அதற்காகப் பெண்களை உஷாராக இருக்கச் சொல்லக் கூடாதா?’ சொல்லலாம். பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, வில்லங்கம் பார், நகல் கேள் என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நானும் சொல்கிறேன். ஆனால் உஷார் என்பது ஓர் எல்லை வரைதான் போகும். நிலக்கோட்டை மார்க்கெட்டில் விடிவதற்கு முன்னே மல்லிகையைக் கொண்டுவந்து கொட்டும் பெண்களைப் பாருங்கள். கணக்கு எழுதிய ஒரு துண்டுச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வீடு திரும்புகிறார்கள். பணம் பிறகுதான். பறித்த பூ பொழுது ஏறினால் விலை போகாது, நம்பிக் கொடுத்தே ஆக வேண்டும். கிணற்றுத் தண்ணீர் முறை, ஏலச் சீட்டு, கைமாற்று என்று இந்தச் சீமையின் பிழைப்பே ஒருவர் சொல்லை இன்னொருவர் நம்புவதில்தான் ஓடுகிறது. நம்பிக்கையைக் குற்றமாக்கிவிட்டு ஒரு நாள் பொழுதைக்கூட இங்கே ஓட்ட முடியாது.

அதனால் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். ஒரு பெண் தோற்ற கதையை யாராவது சொல்ல ஆரம்பித்தால், அவளுக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள், யார் கொடுத்தார்கள், கொடுத்தவர் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேட்கிறேன். சபையில் கொஞ்சம் சங்கடம் வரும். “பழசை ஏன்ப்பா கிளறுற?” என்பார்கள். அவள் ஏமாந்த பழசைப் பந்திக்குப் பந்தி பரிமாறலாம், அவன் பேர் சொன்னால்தான் கிளறுவதாம்.

எங்கள் ஊர்ச் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் தை மூன்றாம் தேதி வாழைப்பழம் சூறைவிடுவார்கள். வேண்டுதல் பலித்தவர்கள் கூடை கூடையாகப் பழத்தைக் கொண்டுவந்து கூட்டத்தின் மேல் வீசுவார்கள். வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்கள்கூட லீவு போட்டுவிட்டு வருவார்கள். யாரும் பத்திரம் எழுதி வாங்கவில்லை, யாரும் சாட்சி இல்லை. மனசுக்குள் நேர்ந்துகொண்ட ஒரு சொல், அதை மீறக் கூடாது என்ற பயம். வாக்கைக் காப்பாற்ற இந்த ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்தப் பயத்தில் பாதியாவது ஒரு கைம்பெண்ணிடம் சொன்ன சொல்லுக்கும் இருந்தாக வேண்டும். இல்லாதவனைக் கல்யாண வீட்டு முன்வரிசையில் உட்கார வைக்காமல் இருந்தால், அதுவே தொடக்கம்.