வாழைப்பழத்தில் ஊசி

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, எங்கள் பெங்களூர் ஃபிளாட்டின் சமையலறையில் ஒரு பானத்தைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்பது கொஞ்சம் ஓவர்தான். மதுவோடு இனிப்பும் கிரீமும் சேர்ந்த காக்டெய்ல்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகப் புழக்கத்தில் உள்ளவை. ஜின், கோக்கோ லிக்யூர், கிரீம் மூன்றையும் கலக்கும் 'அலெக்சாண்டர்', 1916இல் ஹியூகோ என்ஸ்லின் வெளியிட்ட செய்முறைப் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் ஜின்னுக்குப் பதில் ரம், கோக்கோவுக்குப் பதில் கருப்பட்டி, கிரீமுக்குப் பதில் தேங்காய்ப்பால் என்று மாற்றினேன், அவ்வளவுதான்.

முதல் தடவை பசும்பாலைச் சூடாக்கிக் கருப்பட்டியைப் போட்டதில் பால் திரிந்துவிட்டது. அடுத்த தடவை தேங்காயின் இரண்டாம் பால்; தண்ணியாக இருந்தது. மூன்றாவதில் ரம் தொண்டையைப் பிடித்தது. நான்காவது தடவைதான் கைகூடியது. வடிகட்டி ஆறவைத்த கருப்பட்டிப் பாகு, கெட்டியான முதல் பால், ரம் 60 மில்லி, ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்கு. எல்லாவற்றையும் ஐஸோடு ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கவேண்டும். எனக்கு இருந்த ஒரே அளவுகோல், ரம்மின் காட்டம் துளியும் தெரியக்கூடாது என்பதுதான்.

அன்று ராத்திரி சாப்பிட வந்த நண்பனுக்குக் கொடுத்தேன். உள்ளே ரம் இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தேன். "டேய், இது பாயசம்டா" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாயசத்தைக் குடிக்கிற வேகத்திலேயே மூன்று கிளாஸ் குடித்தான். பதினோரு மணிக்கு பைக் சாவியை எடுத்தான். வேண்டாம் என்றேன். "எனக்கு ஒண்ணுமே இல்லடா" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவனுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் முழுக்க நான் கேட்க ஆசைப்பட்ட பாராட்டும் அதே வாக்கியம்தான்.

கணக்குப் போடுவது என் தொழில் வியாதி. இங்கே விற்கும் ரம்மில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 60 மில்லியில் சுமார் 20 கிராம். மூன்று கிளாஸில் 60. ஈரல் மணிக்குச் சுமாராக 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது சட்டம். 70 கிலோ ஆளுக்கு என் பானத்தின் ஒரே கிளாஸே அதைத் தாண்ட வாய்ப்புண்டு. சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். கோபித்துக்கொண்டு சோபாவில் படுத்தான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனை நான் ஏமாற்றினேனா? ரம் இருப்பது அவனுக்குத் தெரியும். முப்பத்தைந்து வயது ஆள். சம்மதித்துத்தான் குடித்தான். வழக்கு என்று வந்தால் நான் ஜெயித்துவிடுவேன். ஆனால் சம்மதம் என்பது முதல் மடக்குக்கு முன்னால் ஒருமுறை வாங்கிவிடுகிற கையெழுத்தா? ரம்மின் எரிச்சல் ஒவ்வொரு மடக்கிலும் "இன்னும் வேணுமா?" என்று கேட்கிறது. அந்தக் கேள்வியை நான் கருப்பட்டி போட்டு அமுக்கிவிட்டேன். ஆரம்பத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு, அந்த உண்மை அவன் நாக்குக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டேன். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

பனைமரம் இந்த விஷயத்தில் என்னைவிட நேர்மை. பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், காய்ச்சினால் கருப்பட்டி. தடவாவிட்டால் அதே சாறு புளித்துக் கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இனிப்பு குறைகிறது, போதை ஏறுகிறது. எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அந்தப் புளிப்பே சொல்லிவிடும். நான் அந்த முள்ளைப் பின்னுக்குத் திருப்பி வைத்தேன்.

ஆபீசிலும் நான் செய்வது கிட்டத்தட்ட இதுதான். பணம் கட்டும் பக்கத்தில் ஒரு 'உறுதியா?' பட்டனை எடுத்துவிட்டால் விற்பனை கூடும். அதற்குப் பாராட்டும் கிடைக்கும். விதிமுறைகளை எல்லோரும் படித்து ஒப்புக்கொண்டவர்கள்தானே?

கசப்பு எல்லாமே நல்லது என்று நான் சொல்லவரவில்லை. குழந்தைக்கு மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுக்கிறோம். அங்கே இனிப்பு, உள்ளே போகிற பொருளின் அளவை மாற்றுவதில்லை. பெரியவர்கள் ஒரு மாத்திரை என்று அளந்துதான் கொடுக்கிறார்கள். என் நண்பனுக்கு அளக்க இருந்தது அவன் நாக்கு மட்டும்தான்.

காலையில் காபி குடித்தபடி அவனிடம் இதையெல்லாம் சொன்னேன். "நீ நல்லாத்தான்டா பண்ணே. அதான் பிரச்சினை" என்றான்.

போன வாரம் மறுபடி வந்தான், மெட்ரோவில். ரம்மை 30 மில்லியாக்கி, பாகைப் பாதியாகக் குறைத்து, சுக்கைக் கூட்டியிருந்தேன். ஊற்றும்போதே அளவைச் சொன்னேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"என்னடா, இந்தவாட்டி லேசா எரியுது?"

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் வைத்திருந்தான்.