அசரீரி தரும் வீரம்

வீரம் ஒருவனது உள்ளத்திற் பிறப்பதா, புறத்தேயிருந்து காதில் ஓதப்படுவதா? 2023 ஜூலையில் வெளிவந்த ‘மாவீரன்’ என்னும் படம் இவ்வினாவை நன்றாகவே எழுப்பிற்று. ஆனால், விடை காணுமுன் அடிதடியிற் புகுந்துவிட்டது. நமது ஏமாற்றம் அதுவே.

மடோன் அஸ்வின் இயக்கிய இப்படத்தில் சிவகார்த்திகேயன் சத்யா என்னும் சித்திரக்கதை ஓவியனாக வருகிறார். தாளில் மாவீரனைத் தீட்டும் அவன் தெருவில் பெருங்கோழை. தாயும் தங்கையும் தன்னை நம்பியிருக்க, வம்புக்குப் போகாமையே அறிவென்று ஒதுங்குகிறான். குடிசைப் பகுதியினின்றும் அகற்றப்பட்ட அவன் குடும்பத்திற்குக் கிடைத்த அடுக்குமாடி வீடோ தொட்டால் உதிர்கிறது. சாவின் விளிம்புவரை சென்று மீண்டபின், அவன் காதில் மட்டும் விஜய் சேதுபதியின் குரலில் ஓர் அசரீரி ஒலிக்கிறது. அது அவனை அமைச்சருக்கு எதிராகத் தள்ளுகிறது.

அவனது அச்சத்தை நாம் இகழமாட்டோம். மாதச் சம்பளத்தை நம்பி அடுப்பு மூட்டும் எவரும் அதனை அறிவர். அவ்வச்சத்தை அவனே வென்றானென்று காட்டியிருப்பின் படம் உயர்ந்திருக்கும். அதை விடுத்துப் புராணத்து அசரீரியைத் துணைக்கழைத்து, அண்டை அயலாரையெல்லாம் காப்பாற்றப்பட வேண்டிய கூட்டமாக்கிவிட்டனர்.

உலகில் நடந்தது வேறு. 2021 ஆகஸ்டில், சென்னைப் புளியந்தோப்பு கே. பி. பார்க் குடியிருப்பிலும் சுவர்ப் பூச்சு உதிர்ந்தது. குடியிருந்தோரே அதனைக் கையாற் சுரண்டி ஊருக்குக் காட்டினர். அரசு வல்லுநரைக்கொண்டு கட்டடத்தை ஆராய நேர்ந்தது.

இந்நாட்டுத் தமிழர்க்கும் இப்பாடம் புதிதன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், கூலி உயர்வோடு மற்றொன்றும் கேட்டனர். துரைமாரையும், எம்போன்ற கிராணிமாரையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் இழிவு ஒழிய வேண்டுமென்பதே அது. மே மாதத்தில் அவர்தம் தலைவர் ஆர். எச். நாதன் கைதானார். வேலைநிறுத்தமோ அடங்காமல் மேலும் பரவிற்று. துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

ஆயின் தலைவரே வேண்டாவோ எனின், வேண்டும். தலைவன் தூண்டும் கோல். திரியும் எண்ணெயும் மக்களிடமே உள. அவை இல்லாவிடத்துக் கோல் என்ன செய்யும்?

தோட்டத்து லயங்களை விட்டுப் பிறையின் அடுக்குமாடிகளிற் குடியேறிய தமிழர் பலர். மின்தூக்கி பழுதுபட்டாலும், கூரை ஒழுகினாலும், “எவராவது கேட்கட்டும்” என்று கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்த ‘எவராவது’ என்பவரே நமது அசரீரி. அவர் வரப்போவதில்லை. அன்பர்களே, கை நடுங்கினும் மனுவில் முதற் பெயரை நாமே எழுதுவோமாக. அதன்கீழ் இரண்டாம் பெயர் எழுதுவோர்க்கு நடுக்கம் பாதியாய்க் குறையும்.