கல்லும் திரையும்

மதுரை மாநகரைச் சூழ்ந்த சமவெளியில் ஆனைமலை, அழகர்மலை, கீழவளவு, அரிட்டாபட்டி, மாங்குளம், கொங்கர்புளியங்குளம் எனச் சமண முனிவர் உறைந்த குன்றுகள் பல உள்ளன. நம் குடும்பங்களோ பெரும்பாலும் வடதமிழகத்தில் வாழ்கின்றன. பிழைப்பின் பொருட்டு அயல்நாடு சென்றோரும் உளர். அவர்களுள் முதியோர்க்கு அக்குன்றுகளில் ஏறி வழிபடுதல் அரிது. ஆதலின், அங்குள்ள திருவுருவங்களை ஒருங்கே கணினித் திரையில் காணுமாறு முப்பரிமாணக் கலைக்கூடம் ஒன்று அமைத்தல் தகுமா என்னும் வினா எழுகின்றது. இதனை அறநோக்கில் ஆராய்வோம்.

செய்முறை தெளிவானதே. ஒரு சிற்பத்தைப் பல கோணங்களில் நின்று, ஒரு படத்தின் பகுதி அடுத்த படத்திலும் அமையுமாறு, நூற்றுக்கணக்கான நிழற்படங்கள் எடுப்பர். அவற்றிற்குப் பொதுவான புள்ளிகளைக் கணினி ஒப்பிட்டு, உருவின் மேடுபள்ளங்களைக் கணித்து எழுப்பும். அதன்மேல் கல்லின் நிறத்தைப் போர்த்தும். 2011-ஆம் ஆண்டிலேயே கூகுள் நிறுவனம் 17 அருங்காட்சியகங்களின் உள்ளே நடந்து காண்பதுபோன்ற காட்சியை இணையத்தில் அளித்தது.

'திரையில் தெரிவது வெறும் ஒளிதானே! அது திருவுருவம் ஆகுமா?' எனச் சிலர் வினவுவர். தத்துவார்த்த சூத்திரம் பொருளை அறியும் வகையை நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என நான்காக வகுக்கின்றது. ஒன்றை மற்றொன்றாக நிறுவிக் காண்பது ஸ்தாபனை. சதுரங்கக் காயை யானை என்கிறோம் அல்லவா? அவ்வாறே கல்லை அருகன் என்று வணங்குகிறோம். கல்லும் அருகன் அன்று. ஒளியும் அருகன் அன்று. இரண்டும் ஸ்தாபனையே. எனவே, நடக்கவியலாத மூதாட்டி ஒருவர் திரையின்முன் கைகூப்பினால் அவ்வணக்கத்தை நாம் இகழ்தல் ஆகாது.

அப்படியாயின், திரை இருக்க மலை எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். இங்குதான் நாம் விழிப்பாய் இருத்தல் வேண்டும். இது கற்பனை வினாவன்று. 2024-ஆம் ஆண்டு நவம்பரில் அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலத்தில் வழங்கப்பட்டது. பழந்தமிழ்க் கல்வெட்டும் தீர்த்தங்கரர் திருமேனியும் உள்ள ஊர் அது. 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதும் அதுவே. சுற்றியுள்ள ஊரார் திரண்டு மதுரைக்கு நடந்தனர். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. போராடியோர் பெரும்பாலும் நம் சமயத்தார் அல்லர். எனினும் நம் பள்ளியைக் காத்தவர்கள் அவர்களே.

அன்று எவரேனும், 'சிற்பங்களை அணுவளவும் பிசகாமல் படியெடுத்துத் தருகிறோம், மலையை விடுங்கள்' என்று நம்மிடம் கேட்டிருந்தால் என்ன விடை கூறியிருப்போம்? இம்சை என்பது செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகைப்படும் என நாம் அறிவோம். உளி பிடியாதவனும் ஒப்புதலால் குற்றமுடையவன் ஆகிறான். மலையோடு அழிவது சிற்பம் மட்டுமன்று. சுனையும் மரமும் பறவையும் ஓரறிவு முதல் ஐயறிவு ஈறான உயிர்களும் அழிகின்றன. படி ஒன்று கையில் உள்ளது என்னும் நிறைவு, நம்மை அறியாமலே அவ்வுடன்பாட்டிற்கு இட்டுச்செல்லும்.

ஆகவே கலைக்கூடம் அமைப்போம். ஆயின் இரு நெறிகளைக் கைக்கொள்வோம். முதலாவது, வாய்மை. சிதைந்த முகத்தைக் கணினியில் செப்பனிட்டு அழகுபடுத்தலாகாது. சிதைவைச் சிதைவாகவே காட்டினால்தான் காண்போர் உள்ளம் வருந்தும். வருந்திய உள்ளமே காக்க முற்படும். இரண்டாவது, ஒவ்வோர் உருவத்தின் அருகிலும் அதன் ஊர், செல்லும் வழி, மலையின் இன்றைய நிலை ஆகியவற்றைப் பொறித்தல் வேண்டும். திரை, மலைக்கு வழிகாட்டுமேயன்றி மலைக்கு மாற்றாகாது.

கீழக்குயில்குடிச் சமணர்மலையின் பேச்சிப்பள்ளத்தில், அச்சணந்தி அடிகளின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி ஓராயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது. அத்தாய் தம் கொடையை நிறுவியது அம்மலையை நம்பி. நாம் இனிச் செய்யும் படி எதுவாயினும், அந்நம்பிக்கைக்குத் துணையாக அமையட்டும். ஏற வலிமையுள்ளோர் ஒருமுறையேனும் பிள்ளைகளுடன் ஏறி வாருங்கள். இயலாதோர் திரையில் கண்டு வணங்குங்கள். இருவகை வணக்கத்திற்கும் அடியில் மலை நிலைத்திருக்கட்டும்.