அடி வாங்குகிறவனின் கணக்கு

வடசென்னையில் பாக்சிங் பார்க்கப் போன எவரும் நடுநிலையாகப் போனதில்லை. சார்பட்டாவா, இடியாப்ப நாயக்கரா என்று தங்கள் பாக்சிங் பரம்பரையை முடிவு செய்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்கினார்கள். தன் ஆள் ஜெயிப்பதைப் பார்க்க ஆசை. எதிராளி மல்லாந்து விழுவதைப் பார்க்க அதைவிட ஆசை. சுவரொட்டியிலேயே ‘ரோசமான’ சண்டை என்று போடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கூட்டத்தைக் கூட்டியது அந்த ரோசம்தான்.

2015 மே 3, ஞாயிற்றுக்கிழமை காலை. மணலி புதுநகரில் நண்பர் வீட்டு டிவி முன்னால், நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்களும் தூங்கப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். லாஸ் வேகாஸில் ஃப்ளாய்ட் மேவெதரும் மேனி பாக்கியோவும் மோதினார்கள். எங்களில் ஒருவருக்கும் மேவெதரைப் பிடிக்காது. பணக்கட்டுகளைக் காட்டிப் பீற்றிக்கொள்கிறவன்; பெண்ணை அடித்த வழக்கில் 2012-இல் இரண்டு மாதம் சிறையில் இருந்தவன். பாக்கியோ வறுமையிலிருந்து வந்தவர் என்பதால் எங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி. பன்னிரண்டு ரவுண்டும் மேவெதர் நழுவினான், தோளைக் கொடுத்துத் தடுத்தான், இடம் கிடைத்தபோது வலக்கையை இறக்கினான். மூன்று நடுவர்களும் அவனுக்கே வெற்றியைக் கொடுத்தார்கள். “ஓடிக்கிட்டே ஜெயிச்சிட்டாம்ப்பா” என்று ஏசிக்கொண்டே எழுந்தோம்.

அமெரிக்காவில் அந்தச் சண்டையை ஏறக்குறைய 46 லட்சம் இணைப்புகளில், நூறு டாலர் வரை கட்டிப் பார்த்தார்கள். அதில் பாதிப்பேராவது அவன் தோற்கட்டும் என்று கட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். முகமது அலி இந்த வித்தையை இளம் வயதிலேயே கார்ஜியஸ் ஜார்ஜ் என்ற மல்யுத்த வீரரிடம் கற்றுக்கொண்டார். வாயாடியின் வாய் எப்போது அடைபடும் என்று பார்க்கவும் சனம் காசு கொடுக்கும். 1971 மார்ச் 8 அன்று அலியும் ஜோ ஃப்ரேசியரும் மோதியபோது, வியட்நாம் போருக்குப் போக மறுத்த அலி கீழே விழ வேண்டும் என்று அமெரிக்காவில் பாதி ஊர் காத்திருந்தது. பதினைந்தாவது ரவுண்டில் விழவும் விழுந்தார். இருவருக்கும் ஆளுக்கு 25 லட்சம் டாலர். வெறுப்பும் பிரியமும் கல்லாவில் ஒரே காசாகத்தான் விழுந்தன.

அந்த அலியை மெட்ராஸ் நேரில் பார்த்தது 1980-இல். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார்; முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். அதைப் பற்றிப் பேசும்போது எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் முகம் இன்றைக்கும் மாறும். அதே ஆண்டு அக்டோபரில் அலி, லாரி ஹோம்ஸிடம் படுதோல்வி அடைந்தார். பேசிய தொகை 80 லட்சம் டாலர். புரமோட்டர் டான் கிங் அதில் பத்து லட்சத்துக்கு மேல் குறைத்துக் கொடுத்தார். அலி வழக்குப் போட்டார். கடைசியில் ஐம்பதாயிரம் டாலர் ரொக்கத்தை ஒரு பழைய நண்பர் மூலம் கொடுத்தனுப்பி, வழக்கை விடுவதாகக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். உலகமே அறிந்த முகம். அவருக்கே இந்த கதி. 2000-இல் அமெரிக்கா அவர் பெயரிலேயே ஒரு சட்டம் போட்டது: சண்டையிலிருந்து தனக்கு எவ்வளவு வருகிறது என்பதைப் புரமோட்டர் வீரனிடம் சொல்லியாக வேண்டும்.

மேவெதரை ஒரே ஒரு விஷயத்தில் நான் மதிக்கிறேன். 2006-இல் ஏழரை லட்சம் டாலர் கொடுத்துத் தன் புரமோட்டர் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தான். தன் சண்டைக்குத் தானே முதலாளி ஆனான். ‘இவ்வளவு காசு எதுக்கு இவனுக்கு?’ என்று நாம் கேட்டோமே, அவன் வாங்காமல் விட்டிருந்தால் அந்தக் காசு நம் வீட்டுக்கா வந்திருக்கும்? குத்து வாங்காத ஒருவரின் பைக்குப் போயிருக்கும். அவன் பெண்ணை அடித்த பாவம் இதனால் கரையாது. இரண்டையும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

அடி வாங்குகிறவனின் காசு வேறொருவர் பைக்குப் போவது எங்கள் ஊருக்கு நன்றாகவே புரியும் சங்கதி. கம்பெனிக்குள் காண்ட்ராக்டில் டேங்க் கழுவப் போகிறவருக்குத் தன் கைக்கு வரும் கூலி தெரியும்; தன் தலைக்குக் கம்பெனி காண்ட்ராக்டரிடம் கொடுப்பது எவ்வளவு என்று தெரியாது. காண்ட்ராக்டர் கூலி கொடுக்காமல் போனால் கம்பெனியே கொடுக்க வேண்டும் என்று 1970-ஆம் வருடச் சட்டத்திலேயே எழுதினார்கள். அதைக் கேட்டு வாங்கத் துணிந்தவர்கள் எத்தனை பேர்?

இங்கே கிளவுஸ் மாட்டும் பிள்ளைகளின் நிலைமையும் அதுதான். சாயங்காலப் பயிற்சி முடிந்ததும் கையில் சுற்றிய துணியைப் பிரித்து, அலசி, மதில்மேல் காயப் போடுகிறார்கள், மறுநாளைக்கும் அதேதான். மெடல் வாங்கினால் ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை கிடைக்கும் என்பதுதான் பெரிய கனவு. தேசிய அளவில் ஆடிய சென்னைப் பெண் துளசி ஹெலன் ஆட்டோ ஓட்டிப் பிழைத்தார். அவர் வாழ்க்கையை 2013-இல் நார்வேக்காரர்கள் வந்து ஆவணப்படமாக எடுத்தார்கள்.

‘சார்பட்டா பரம்பரை’ படம் 2021-இல் வந்த பிறகு பாக்சிங் மேல் மறுபடியும் ஆசை பிறந்திருக்கிறது. போட்டி நடத்த முன்வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: டிக்கெட் வசூல் எவ்வளவு, ஸ்பான்சர் கொடுத்தது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, ரிங்குக்குள் ஏறுவதற்கு முன்பே இரண்டு பிள்ளைகளின் கையிலும் கொடுங்கள்.