துண்டுகளைச் சேர்க்கச் சொன்னவர்



ஐயாயிரம் பேர் வயிறார உண்ட நற்செய்தியை இப்போது கேட்டோம். அப்பம் பலுகிய இடத்திலேயே நம் மனம் நின்றுவிடுகிறது. யோவான் அதற்கு மேலும் ஒன்றைச் சொல்கிறார்: எல்லாரும் உண்ட பிறகு, எதுவும் வீணாகாதபடி மீந்த துண்டுகளைச் சேர்க்கும்படி ஆண்டவர் சீடரைப் பணிக்கிறார். நினைத்த மாத்திரத்தில் இன்னும் ஆயிரம் அப்பம் தரக்கூடியவருக்குத் துண்டுகள் எதற்கு?

இந்தக் கேள்வியோடு சற்று ஜப்பானுக்குப் போய் வருவோம். ஜப்பானிய உணவு என்றால் நம் பிள்ளைகளுக்கு சுஷியும் நூடுல்ஸும்தான் தெரியும். அந்த நாட்டு மடப்பள்ளிகளில் வேறொரு சமையல் வளர்ந்தது. ஷோஜின் ரியோரி என்பார்கள். மீன், இறைச்சி, முட்டை கிடையாது. வெங்காயமும் பூண்டும் கிடையாது. கடற்பாசியையும் உலர்ந்த காளானையும் ஊறவைத்த நீர்தான் சாறுக்கு அடிப்படை. எள்ளை மையாய் அரைத்து, கிழங்கு மாவோடு சேர்த்துக் கிண்டி உறையவைத்த ஒரு பண்டமும் உண்டு. நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார் 1549-இல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். அரிசியும் கீரையும் கொஞ்சம் மீனுமாக எளிமையாக உண்டு அந்த மக்கள் நலமாக வாழ்வதை அங்கிருந்து வியந்து எழுதினார்.

கமகுராவில் கென்சோ-ஜி என்ற பௌத்த மடம் 1253-இல் எழுந்தது. முள்ளங்கி, கேரட், சேப்பங்கிழங்கு ஆகியவற்றை நறுக்கி மிஞ்சிய துண்டுகளை எள் எண்ணெயில் வதக்கி, அங்கே ஒரு சாறு வைப்பார்கள். பெயர் கென்சின்-ஜிரு. ஒரு நாள் இளந்துறவி ஒருவர் தோஃபு என்ற சோயாக்கட்டியைத் தரையில் தவறவிட, மடத்தின் தலைவரே குனிந்து எடுத்துக் கழுவிச் சாற்றில் போட்டாராம். அதனால்தான் இன்றும் அதில் தோஃபுவைக் கையால் பிய்த்துப் போடுகிறார்கள் என்பது மரபுக் கதை. கதை வரலாறுதானா என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அந்தத் தலைவர் இளையவரைத் திட்டியதாகக் கதையில் இல்லை என்பதைக் கவனித்தேன்.

அதே நூற்றாண்டில் வாழ்ந்தவர் தோகென் என்ற ஜப்பானியப் பௌத்தத் துறவி. இளவயதில் சீனாவுக்குப் போய், ஒரு மடத்தில் கொளுத்தும் வெயிலில் தலையில் தொப்பிகூட இல்லாமல், சமையலுக்கு வேண்டியதைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு முதியவரைக் கண்டார். வயது 68, முதுகு வளைந்திருந்தது. மடப்பள்ளிப் பொறுப்பாளர் அவர். ஆள் வைத்துச் செய்யக் கூடாதா என்று கேட்டதற்கு, மற்றவர் நானல்லவே என்றார் பெரியவர். இந்த வெயிலில் எதற்கு என்றால், வேறு எந்த நேரத்துக்குக் காத்திருப்பது என்று திருப்பிக் கேட்டார். தோகென் வாயடைத்துப் போனார். ஊர் திரும்பி, 1237-இல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அரிசியையும் காயையும் சொந்தக் கண்ணைப்போல் பேணச் சொன்னார். மட்டமான கீரை வந்தால் முகம் சுளிக்காதே, உயர்ந்தது வந்தால் துள்ளாதே என்றார்.

இந்த மரபில் உணவு முடிந்ததும் துறவிகள் கலத்தில் வெந்நீர் ஊற்றி, ஊறுகாய்த் துண்டால் துடைத்து, அந்த நீரையும் குடித்துவிடுகிறார்கள். உங்களுக்கு எதுவும் நினைவுக்கு வருகிறதா? நற்கருணை வழங்கி முடிந்ததும் இங்கே பீடத்தில் நான் என்ன செய்கிறேன்? திருத்தட்டின் துகளைத் திருக்கிண்ணத்தில் சேர்த்து, நீர் விட்டுக் குடிக்கிறேன். நீங்கள் அப்போது பெரும்பாலும் அறிவிப்புகளுக்காகக் காத்திருப்பீர்கள்!

இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. ஒவ்வொரு துகளிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார் என்பது நம் விசுவாசம். அவர்களுடைய வழி வேறு. ஆனால் பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது. பீடத்தில் ஒரு துகளுக்கு இத்தனை மரியாதை தரும் நாம், திருவிழா அசனத்தில் பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுவது எப்படி? அந்தச் சோற்றுக்கு விடியுமுன்னே அடுப்பு மூட்டியவர்களை நாம் பார்ப்பதுகூட இல்லை. பன்னிரண்டு கூடைகளைச் சுமந்த சீடர்களின் தோளும் அன்று வலித்திருக்கும்.

வருகிற அசனத்துக்கு அண்டா கழுவுகிறவர்களும் காய் நறுக்குகிறவர்களும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்று காணிக்கைப் பவனியில் அப்பத்தையும் இரசத்தையும் நீங்களே கொண்டுவாருங்கள். இப்போது எழுந்து விசுவாச அறிக்கை செய்வோம்.